மரக்கால் யார் கையில்?

1985ஆம் வருசம் தென்னாப்பிரிக்காவில் ஒரு கறுப்பினக் குழந்தை வயிற்றுப்போக்கில் செத்துப்போயிருந்தால் அந்தச் சாவு எந்த ஏட்டில் ஏறியிருக்கும்? கேட்பதற்குச் சாதாரணக் கேள்விதான். டிரான்ஸ்கையில் செத்திருந்தால் தென்னாப்பிரிக்க ஏட்டில் அதற்கு இடமே கிடையாது. ஏனென்றால் டிரான்ஸ்கை அப்போது 'சுதந்திர நாடு'. 1976ல் டிரான்ஸ்கை, 1977ல் போபுதட்ஸ்வானா, 1979ல் வெண்டா, 1981ல் சிஸ்கை என்று, கறுப்பு மக்களை ஒதுக்கிவைத்த நிலங்களுக்கு ஒவ்வொன்றாக 'விடுதலை' கொடுத்தது வெள்ளை அரசு. உலகத்தில் வேறெந்த நாடும் இவற்றை நாடு என்று ஏற்கவில்லை. ஆனால் கணக்கு விசயத்தில் மட்டும் அந்த விடுதலை உண்மையாகவே வேலை செய்தது. அங்கே பிறந்தவரும் இறந்தவரும் தென்னாப்பிரிக்காவின் புள்ளிவிவரத்திலிருந்து வெளியே போனார்கள். 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட இந்த நான்கும் இல்லை. மண்ணுக்குள் போன பிள்ளைகள் தாளுக்குள் வரவில்லை. தாளைப் பார்த்தவனுக்கு நாடு ஆரோக்கியமாகத் தெரிந்தது.

மற்ற இடங்களிலும் ஏடு ஒன்றாக இல்லை. நிறவெறி ஆட்சியின் கடைசிக் காலத்தில் அங்கே 14 சுகாதாரத் துறைகள். பாண்டுஸ்தான்களுக்குப் பத்து, வெள்ளையருக்கு, கலப்பினத்தாருக்கு, இந்தியருக்கு என்று மூன்று, எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம், தனி எல்லை, தனிக் கணக்கு. ஒரு துறையின் எண்ணை இன்னொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. ஊர்க்கிணறு வேறு சேரிக்கிணறு வேறு என்று பார்த்து வளர்ந்த நமக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. ஏடும் தனியாக இருந்தால் ஒரு வசதி உண்டு: ஒப்பிட முடியாது. ஒப்பிட முடியாத இடத்தில் அநியாயத்தை நிரூபிக்கவும் முடியாது.

இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. ஆப்பிரிக்க ஆஸ்பத்திரிகளின் நோய் விவரங்களை ஒரே அளவுக்குள் கொண்டுவரப் பல்கலைக்கழகங்களும் அரசுகளும் சேர்ந்து செய்யும் ஆராய்ச்சிக் கூட்டுகள் பற்றிப் பேச்சு வந்தபோது தோழர் ஒருவர் பட்டென்று சொன்னார்: "முதல்ல ஆளைப் பிடிச்சிட்டுப் போனான், அப்புறம் தங்கத்தை எடுத்தான், இப்ப விவரத்தை எடுக்கிறான். அவ்வளவுதாங்க." அவர் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்வது நமக்குக் கட்டுப்படியாகாது என்பது என் கட்சி. பொது அளவு என்பது ஆதிக்கத்தின் கருவியா, ஒடுக்கப்பட்டவர்களின் உரிமையா? இது கம்ப்யூட்டர்காரர்களிடம் விட்டுவிடும் கேள்வியில்லை, அறம் சார்ந்த கேள்வி.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். தமிழ் படித்தவளுக்கு அந்தப் புத்தி போகாது. 'தரப்படுத்தல்' என்று எழுதினால் ஈழத்தமிழருக்கு முதுகு விறைக்கும். 1971ல் இலங்கைப் பல்கலைக்கழக அனுமதியில் அந்தப் பெயரில்தான் தமிழ்வழி மாணவர்களுக்கு அதிக மதிப்பெண் வரம்பு வைத்தார்கள். நமக்கோ 'தரம்' என்ற சொல்லே ஏணிப்படி. தரமானவன், தரங்கெட்டவன் என்று மனுசனை அடுக்கி வைத்த பாசை இது. ஆகவே 'பொது அளவு' என்றே எழுதுகிறேன்.

அளவு என்றதும் எங்க அம்மாயி சொன்னது ஞாபகம் வருகிறது. ஆண்டை வீட்டில் ரெண்டு மரக்கால் இருக்குமாம். குத்தகை நெல்லை வாங்கும்போது ஒன்று, கூலி அளக்கும்போது இன்னொன்று. வெளியே பார்த்தால் ரெண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கூலி மரக்காலுக்கு அடிப்பலகை உயரம். "அளந்தது என்னமோ நெறக்கத்தான் அளப்பாங்க, வீட்டுக்கு வந்து பானையில கொட்டுனா ஒரு புடி கொறையும்" என்பாள். 1940களில் தஞ்சைப் பகுதியில் கூலிக்காரர்கள் கொடி பிடித்தபோது கேட்டவற்றில் ஒன்று முத்திரை போட்ட மரக்கால். எல்லாருக்கும் ஒரே அளவு வேண்டும் என்று கேட்டது ஆண்டை இல்லை, சேரிதான். பொது அளவு என்றாலே மேலேயிருந்து திணிப்பது என்று பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பார்க்கணும்.

தென்னாப்பிரிக்காவிலும் 1994ல் நடந்தது கிட்டத்தட்ட இதுவே. நிறவெறி வீழ்ந்த அந்த வருசம் கேப்டவுனில் 'சுகாதாரத் தகவல் அமைப்புத் திட்டம்' என்று ஒன்று தொடங்கியது. அதில் இருந்தது மேற்கு கேப் பல்கலைக்கழகம். 1960ல் வெள்ளை அரசு கலப்பினத்தாருக்கென்று ஒதுக்குப்புறமாகக் கட்டி, பின்னால் அந்த அரசுக்கே எதிராக நின்ற பல்கலைக்கழகம் அது. கூட இருந்தது நார்வேயின் ஓஸ்லோ பல்கலைக்கழகம். இந்தக் கூட்டுக்கு ஒரு முன்கதை உண்டு. 1970களின் தொடக்கத்தில் நார்வே இரும்பு உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு கிறிஸ்டன் நைகார்ட் என்ற கணினி அறிஞர் சேர்ந்து வேலை செய்தார். ஆலைக்குள் கம்ப்யூட்டர் நுழையும் முன் அது எப்படி இருக்க வேண்டும் என்பதில் தொழிலாளிக்கும் வாய் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அந்த மரபில் வந்தவர்களும் நிறவெறிக்கு எதிராகப் போராடிய சுகாதார ஊழியர்களும் சந்தித்துக்கொண்டதால் வேலை வேறு விதமாக நடந்தது. மிட்செல்ஸ் பிளெயின் போன்ற பகுதிகளில் கிளினிக் நர்சுகளோடு உட்கார்ந்து, இத்தனை படிவங்களில் எது வேண்டும், எது வேண்டாம் என்று பேசினார்கள். குறைந்தபட்சம் எல்லாரும் சேகரிக்க வேண்டிய விவரங்கள் என்று ஒரு சிறு தொகுப்பு உருவானது. அதற்கு மேல் ஒரு மாவட்டமோ கிளினிக்கோ தனக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளலாம்; பொதுவானதை மட்டும் விடக்கூடாது. அங்கே பிறந்த மென்பொருளின் இரண்டாம் வடிவம் 2006ல் முதன்முதலில் ஓடியது நம் பக்கத்து மாநிலமான கேரளத்தில் என்பது பலருக்குத் தெரியாது. 2011ல் கென்யா முழுக்கப் போனது. இன்று 70க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது.

இதை நான் புகழ்ந்து எழுதுவதாக நினைக்க வேண்டாம். நல்ல மரபில் பிறந்த கருவியும் போகிற வீட்டில் ஆண்டையின் கைக்குப் போகலாம். நர்சுகளைக் கேட்டு உருவான படிவம் பத்து வருசம் கழித்து, இன்னொரு நாட்டில், நர்சுகளைக் கேட்காமல் கட்டாயமாக்கப்படலாம். எங்கள் ஒன்றியத்தில் ஒரு கிராம சுகாதார நர்சு கையைக் காட்டிச் சொன்னார்: "ஊசி போட்டுத் தேஞ்ச கையில்லக்கா, எழுதித் தேஞ்ச கை." எழுதி அனுப்பியதில் எதுவாவது திரும்பி வந்ததா என்று கேட்டேன். சிரித்தார். கீழேயிருந்து மேலே போகிற விவரம், மேலேயிருந்து கீழே வருகிற மிரட்டல். பல நாட்டு ஆஸ்பத்திரி ஏடுகளின் கதை இதுதான்.

சரி, எல்லாரும் சேர்ந்தே ஒரு பொது ஏடு போட்டுவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அதில் என்னென்ன கட்டம் இருக்கும்? இங்கேதான் எனக்குத் தூக்கம் கெடுகிறது.

நோய்களுக்கும் சாவுக் காரணங்களுக்கும் உலகம் முழுக்க ஒரு பட்டியல் இருக்கிறது. அதன் வேர் 1893ல் ஜாக் பெர்ட்டிலான் என்ற பாரீஸ் புள்ளிவிவர அதிகாரி போட்ட பட்டியல். இவருடைய தம்பி அல்போன்ஸ் பெர்ட்டிலான்தான் பாரீஸ் போலீசில் குற்றவாளிகளின் காதையும் மண்டையையும் விரலையும் அளந்து அட்டை போட்டவர். அண்ணன் சாவை அடுக்கினார், தம்பி கைதியை அடுக்கினார். குற்றப்பரம்பரைச் சட்டத்தில் சிக்கிய மக்கள் வாழும் நாட்டில் இருந்துகொண்டு இதைச் சும்மா தகவலாக என்னால் கடந்துபோக முடியவில்லை. அந்தப் பட்டியலின் பதினொன்றாம் பதிப்பு 2022ல் நடைமுறைக்கு வந்தது என்றாலும் பல நாடுகளில் இன்னும் பத்தாவதுதான் ஓடுகிறது. அந்தப் பத்தாம் பதிப்பில் 'இசட் 59.5' என்று ஓர் எண் இருக்கிறது. அதன் பெயர் கடும் வறுமை. ஆமாம், வறுமைக்கு எண் இருக்கிறது! ஆனால் சாவின் அடிப்படைக் காரணமாக அந்த வரிசை எண்களைப் போடக்கூடாது என்பது விதி. இறப்புச் சான்றிதழில் காரணங்களைச் சங்கிலிபோல எழுதுவார்கள்: கடைசியில் மூச்சை நிறுத்தியது எது, அதைக் கொண்டுவந்தது எது, அதற்கும் கீழே எது. சங்கிலி நீர் வற்றிப் போனது, வயிற்றுப்போக்கு என்று இறங்கி அங்கேயே நின்றுவிடும். வயிற்றுப்போக்கைக் கொண்டுவந்த தண்ணீர், அந்தத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் கிடைக்காத தெரு, அந்தத் தெருவை அங்கே கொண்டுபோய் வைத்த சட்டம், இதெல்லாம் சங்கிலிக்குக் கீழே மண்ணில் கிடக்கும்.

ஒரு டாக்டர் இதற்குப் பதில் சொல்வார். எல்லாச் சாவுக்கும் வறுமை என்று எழுதினால் எந்தப் பிள்ளைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல், எந்தப் பிள்ளைக்குத் தடுப்பூசி என்று எப்படித் தெரியும் என்பார். நியாயம்தான். மருத்துவத்துக்கு அந்தச் சங்கிலி வேண்டும். எனக்குச் சண்டை சங்கிலியோடு இல்லை, அது நிற்கிற இடத்தை இயற்கையின் எல்லைபோலக் காட்டுவதோடுதான். மருத்துவம் நிற்கிற இடத்தில் நீதி நிற்க வேண்டிய அவசியமில்லை.

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளியின் நுரையீரலைப் பாருங்கள். 1973ல் போட்ட சுரங்கத் தொழில்நோய்ச் சட்டத்தின்படி, சுரங்கத்தில் வேலை செய்தவர் இறந்தால் குடும்பத்தின் சம்மதத்தோடு இதயத்தையும் நுரையீரலையும் எடுத்து ஜோகன்னஸ்பர்க்குக்கு அனுப்பிச் சோதிப்பார்கள். சிலிக்கா தூசு நோய் இருந்தால் நஷ்டஈடு. ஒரே சட்டம், ஒரே சோதனை, ஒரே நுண்ணோக்கி. ஆனால் 1993 வரை வெள்ளை நுரையீரலுக்கு ஒரு விலை, கறுப்பு நுரையீரலுக்கு அதைவிட மிகக் குறைந்த விலை. ரெண்டு மரக்கால் வேறு எங்கே போயிற்று? டிரான்ஸ்கையிலிருந்தும் லெசோத்தோவிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் வந்தவர்கள் இருமத் தொடங்கியதும் ஊருக்குத் திரும்பி, ஏடே சரியாக இல்லாத கிராமங்களில் செத்தார்கள். அவர்கள் சாவு எந்தச் சுரங்கத்தின் கணக்கிலும் ஏறவில்லை. 2011ல் அரசியல்சாசன நீதிமன்றம் தொழிலாளி கம்பெனிமேல் வழக்குப் போடலாம் என்று தீர்ப்புச் சொன்னது. 2018ல் ஆறு கம்பெனிகள் 500 கோடி ராண்டுக்கு உடன்பட்டன. 1965 மார்ச் முதல் வேலை செய்தவர்கள் கேட்கலாம். கேட்பதற்கு வேலை செய்ததற்கும் நோய்க்கும் ஆதாரம் வேண்டும். கணவன் செத்து இருபது வருசமான ஒரு லெசோத்தோ விதவை எந்த கிளினிக்கில் போய் அந்தத் தாளைக் கேட்பாள்? 'எங்களை எண்ணாதே' என்ற முழக்கத்தை அவளிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

எண் போராட்டத்துக்கு உதவியதும் அங்கேதான். 2000 வாக்கில் ஜனாதிபதி எம்பெக்கி எய்ட்சுக்கு எச்.ஐ.வி.தான் காரணமா என்று சந்தேகம் கிளப்பிக்கொண்டிருந்தார். இறப்புச் சான்றிதழ்களில் காசநோய், நிமோனியா என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். அவமானம் ஒரு காரணம், இன்சூரன்ஸ் ஒரு காரணம். 2001ல் அரசின் மருத்துவ ஆராய்ச்சி மன்றமே ஓர் அறிக்கை போட்டது: 2000ல் இறந்த 15 முதல் 49 வயதுக்காரர்களில் ஏறக்குறைய 40 விழுக்காடு எய்ட்சால் என்று. அரசு அதை மறுத்தது, முனகியது. ஆனால் அடுத்த வருசம், 2002 ஜூலையில், சிகிச்சைக்கான செயல்பாட்டு இயக்கம் தொடுத்த வழக்கில், தாயிடமிருந்து பிள்ளைக்கு நோய் தொற்றாமலிருக்க நெவிராப்பின் மருந்து கொடுத்தாக வேண்டும் என்று அரசியல்சாசன நீதிமன்றம் உத்தரவிட்டது. முன்னாள் பாண்டுஸ்தானான கசன்குலுவில் இருந்த அகின்கோர்ட் கிராமங்களில் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகம் 1992 முதல் வீடுவீடாகப் போய், ஆஸ்பத்திரி பார்க்காமல் செத்தவர்கள் எப்படிச் செத்தார்கள் என்று குடும்பத்தாரிடம் கேட்டு எழுதிவருகிறது. அம்மாவும் பாட்டியும் சொல்வது அங்கே சாட்சியம். நமது பத்திரிகைகளில் நாம் சாட்சியம் என்று சொல்வதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

அப்புறம் அந்தக் கட்டம். இனம் என்ற கட்டம். 1950ல் போட்ட மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொரு மனிதருக்கும் ஓர் இனத்தை ஒட்டிவைத்தது. தலைமுடிக்குள் பென்சிலைச் செருகி அது விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்து இனத்தை முடிவுசெய்த அசிங்கம் நடந்தது அந்தக் காலத்தில்தான். 1991ல் சட்டம் ஒழிந்தது. இறப்புப் படிவத்திலிருந்து இனக்கட்டமும் போயிற்று. நல்லதுதானே? ஆனால் கட்டம் போனதும் இன்னொன்று போனது. கறுப்பினத்தார் எத்தனை பேர் முன்னதாகச் சாகிறார்கள் என்று காட்டும் வழி அடைந்தது. 1998ல் புதிய படிவம் வந்தபோது, ஜனநாயக அரசே அந்தக் கட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. எந்தக் கட்டத்தால் மனிதரைப் பிரித்தார்களோ அதே கட்டத்தால்தான் பிரித்ததன் விளைவை அளக்க வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் நமக்குள்ளேயே ரெண்டு கட்சி உண்டு. சாதியை எழுதினால் சாதி நிலைக்கும் என்பது ஒன்று. அதை நேர்மையாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் அதைச் சொல்பவன் யார் என்று பாருங்கள். 1931க்குப் பிறகு எல்லாச் சாதிகளையும் எண்ணி வெளியிட்ட கணக்கெடுப்பு நம் நாட்டில் நடக்கவில்லை. அடுத்த கணக்கெடுப்பில் எண்ணுவோம் என்று 2025ல்தான் அறிவிப்பு வந்தது. இத்தனை காலம் எழுதாததால் சாதி மெலிந்துவிட்டதா என்ன? ஆனாலும் ஆஸ்பத்திரி ஏட்டில் அந்தக் கட்டத்தை யார் பார்ப்பார்கள் என்ற பயம் எனக்கும் உண்டு. வலியில் படுத்துக்கிடக்கும் ஒருத்தியின் சீட்டில் அது இருப்பதும், பெயர் நீக்கிய மொத்தக் கணக்கில் அது இருப்பதும் ஒன்றாகாது. முதலாவதைத் தடுத்துக்கொண்டே ரெண்டாவதைக் கேட்கிற கஷ்டமான வேலைதான் நம்முடையது. சுலபமான பதில் இங்கே இல்லை.

கூட்டு என்று சொல்கிறார்களே, அதற்கு வருகிறேன். விதை உன்னுது, நிலம் என்னுது, உழைப்பு அவனுது என்றால் அதுக்குப் பேர் வாரம். வாரத்தைக் கூட்டு என்று மரியாதைக்குச் சொல்லலாம், விளைச்சல் பங்கு போடும்போது தெரிந்துவிடும். ஆராய்ச்சிக் கூட்டிலும் அப்படித்தான் பார்க்க வேண்டும். பணம் எங்கிருந்து வருகிறது என்பது பாதி கேள்வி. படிவத்தில் ஒரு கட்டத்தை அடிக்க ஆஸ்பத்திரி எழுத்தருக்கு உரிமை உண்டா? கணக்கு திரும்பி வார்டுக்கு வருகிறதா? கட்டுரை வெளியாகும்போது ராத்திரி டூட்டியில் எழுதியவர் பெயர் எங்கே? கென்யாவில் 2013ல் தொடங்கிய மருத்துவத் தகவல் வலையமைப்பில் சுகாதார அமைச்சகம், குழந்தை மருத்துவர் சங்கம், ஓர் ஆராய்ச்சி நிறுவனம், மாவட்ட ஆஸ்பத்திரிகள் சேர்ந்தன. குழந்தை வார்டில் சேர்க்கும்போது எழுதும் குறிப்புக்குப் பொதுப் படிவம் கொண்டுவந்தார்கள். அந்தந்த ஆஸ்பத்திரிக்கு அதன் கணக்கை அறிக்கையாகத் திருப்பித் தருகிறார்கள். இது கொஞ்சம் மரியாதையான ஏற்பாடு. தெற்கு ஆப்பிரிக்காவின் சான் மக்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். தங்களிடம் வந்து வந்து உடம்பையும் அறிவையும் எடுத்துப் போனவர்களுக்கு 2017ல் தாங்களே ஒரு நெறிமுறை எழுதிக் கொடுத்தார்கள். மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை இவையெல்லாம் அதில் நிபந்தனைகள். ஆராயப்பட்டவர் ஆராய வந்தவருக்குச் சட்டம் எழுதிய காட்சி எனக்குப் பிடித்திருக்கிறது.

இது இல்லாத கூட்டு என்ன ஆகும் என்பதை 2025 காட்டியது. எய்ட்சுக்கான அமெரிக்க அவசரத் திட்டம் 2003 முதல் ஆப்பிரிக்காவில் பெரும்பணம் செலவழித்தது. லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியதை மறைக்கக் கூடாது. நாட்டுக்கு ஒரே கண்காணிப்பு முறை போதும் என்று 2004ல் உதவி தருபவர்கள் எல்லோரும் கூடி ஒப்புக்கொண்டார்கள். இருந்தும் அந்தத் திட்டம் தனக்கென்று தனிக் கணக்குமுறை வைத்துக்கொண்டது. 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவியை அமெரிக்கா நிறுத்தியபோது அந்தக் கணக்குமுறையையும் மூடச் சொன்னார்கள். பிப்ரவரியில், 1984 முதல் 90க்கும் மேற்பட்ட நாடுகளில் பிள்ளைச் சாவையும் தாய்ச் சாவையும் கணக்கெடுத்துவந்த மக்கள்தொகை, சுகாதார ஆய்வுத் திட்டமும் நின்றது. பிறகு வேறு பணம் வந்து அதன் ஒரு பகுதி எழுந்தது. ஆனால் விசயம் விளங்கிவிட்டது: சுவிட்சு வேறு ஊரில் இருந்தது.

அதே வருசம் டிசம்பரில் கென்யாவும் அமெரிக்காவும் ஐந்து வருசத்துக்கு ஒரு சுகாதார ஒப்பந்தம் போட்டன. மக்களின் மருத்துவ விவரங்களைப் பகிர்வதும் அதில் ஒரு பகுதி. நுகர்வோர் அமைப்பு ஒன்று நீதிமன்றம் போனது. சில நாட்களிலேயே நைரோபி உயர்நீதிமன்றம் விவரப் பகிர்வை இடைக்காலமாக நிறுத்திவைத்தது. மனுவில் கேட்டது ரொம்பப் பெரிதில்லை: விவரம் யாருடையதோ அவர்களைக் கேட்டீர்களா என்பதுதான்.